கார்னெட் என்ற அலையும் யூலின் அண்ணியின் பாதிக் கூரையும்

என் அண்ணி யூலின் அலைகளுக்கு ஊர்க்காரர்களின் பெயரை வைப்பாள். கடற்கரையில் அடிக்கிற அலையைச் சொல்லவில்லை. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கிளம்பி, மேகமும் இடியுமாக எங்கள் தீவுகளை நோக்கி வருகிற காற்றலைகளைச் சொல்கிறேன். அவை முற்றிப் புயலானால்தான் மயாமியில் இருக்கிற புயல் மையத்துக்காரர்கள் ஒரு பெயர் வைப்பார்கள். அதுவரை அவை பெயரற்ற அநாதைகள். அண்ணிக்கு அது ஆகாது. "பேர் இல்லாத ஒண்ண எப்படித் திட்டறது?" என்பாள். அதனால் அந்த வாரம் அவளுக்கு யாரோடு சண்டையோ அவர் பெயர் அலைக்கு.

என் பெயரில் பல அலைகள் வந்திருக்கின்றன. ஒன்றுகூட உருப்படவில்லை. ஒன்று ஆப்பிரிக்காவை ஒட்டிய கேப் வெர்டே தீவுகளைத் தாண்டுவதற்குள் சகாரா தூசியைத் தின்று செத்தது. "வெர்னா போய்ச் சேர்ந்துட்டா. கொஞ்சம் மேகம்தான் மிச்சம்!" என்று அவள் கடை வாசலில் நின்று கத்தியபோது நான் சாலைக்கு எதிர்ப்பக்கம் என் மீன் வண்டியில் பொரித்துக்கொண்டிருந்தேன். கொதிக்கிற எண்ணெயோடு சாலையைக் கடந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தது உண்மை.

எங்கள் ஊர் லெஸ்டேரில் அவளுடையது சின்னக் கடை. மாவு, உப்பு மீன், மண்ணெண்ணெய், சோப்பு, குளிர்ந்த பீர், ஐஸ்கட்டி போட்டால் மூழ்கிப்போகிற அளவுக்குக் காட்டமான எங்கள் ஊர் ரம். கடையின் பின்சுவரில் அவளே படகு பெயின்ட்டால் வரைந்த அட்லாண்டிக் கடல் இருக்கிறது. வலது ஓரத்தில் ஆப்பிரிக்கா, இடது ஓரத்தில் நாங்கள். அளவு கிளவு எல்லாம் பார்க்கவில்லை. எங்கள் கேரியகூ தீவு ரொட்டி சுடுகிற சட்டி அகலத்துக்கு இருக்கும், கியூபா அதில் பாதி. ஒவ்வோர் அலைக்கும் ஒரு பீர் மூடி. அலை நகர நகர மூடியைப் பிடுங்கி அடுத்த இடத்தில் ஆணி அடிப்பாள். சுவர் முழுக்க அம்மை போட்ட முகம் மாதிரி ஓட்டைகள்.

"யூலின், இந்தப் படத்தப் பார்த்துப் படகு ஓட்டினா நேரா வெனிசுலாவுல போய்தான் இடிக்கும்" என்பான் டன்ஸ்டன். அவன் மீன்பிடிக்கிறவன், அவள் கடையின் நிரந்தர பெஞ்சு.

"நீ படமே பார்க்காம நம்ம ஊர்ப் படகுத்துறையில இடிச்சவன்தானே" என்பாள் அவள்.

அவள் வானிலை படித்தவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கில் என்னைவிட மோசம், அதை நான் பார்த்திருக்கிறேன். என் அண்ணன் சரக்குக் கப்பலில் இயந்திரம் பார்த்துக்கொண்டிருந்த வருடங்களில்தான் அந்தச் சுவர் ஆரம்பமானது. எந்த மூடிக்கு எவ்வளவு தூரத்தில் அவன் கப்பல் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அத்தனை புயலுக்கும் தப்பிய மனிதன் கடைசியில் வீட்டுக் கட்டிலில் சர்க்கரை வியாதியில் போய்ச் சேர்ந்தான். அதற்கப்புறம் நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். இல்லை. மயாமி அறிக்கையைக் கைபேசியில் எழுத்துக்கூட்டிப் படித்து, மூடியை நகர்த்தி, கொஞ்சம் மசாலா சேர்த்து வாசலில் சொல்வாள். இப்போது எல்லார் கையிலும் கைபேசி இருக்கிறது. ஆனால் அதில் தினமும் யாராவது ஒருவன் உலகம் அழியப்போகிறது என்று வீடியோ அனுப்புகிறான். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது மரத்துவிட்டது. யூலின் மூடியை நகர்த்தினால்தான் லெஸ்டேரில் அலை நகர்ந்த மாதிரி.

பெரில் புயல் வந்தபோதும் அவள் சொன்னாள். ஜூன் மாதக் கடைசியில் எவளாவது புயலுக்குப் பயப்படுவாளா என்று நாங்கள்தான் சிரித்தோம். ஜூலை முதல் நாள் அது தீவையே உரித்துவிட்டுப் போனது. அண்ணியின் கூரை எங்கே போய் விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. முன்சுவர் விழுந்தது, அலமாரிகள் போயின. அந்தப் பின்சுவர் மட்டும் நின்றது. டன்ஸ்டன் அதைப் பார்த்துவிட்டு, "பெரில் தன் படத்த மட்டும் பத்திரமா விட்டுட்டுப் போயிருக்கா பாரு" என்றான். அந்த நிலைமையிலும் எல்லாரும் சிரித்தோம். அண்ணியும் சிரித்தாள். பிறகு முன்பக்கத்தைப் பலகையால் அடைத்து, மேலே நீலத் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு அதன் கீழேயே கடையையும் கட்டிலையும் போட்டுக்கொண்டாள். அடுத்த புயல் காலம் தொடங்குமுன் தகரக் கூரைக்கடியில் படுப்பேன் என்று அன்றே சொல்லிவிட்டாள்.

வெளியூர்க்காரர்களுக்குக் கூரை என்றால் வெயிலுக்கும் காற்றுக்கும். எங்களுக்கு அது தண்ணீர். கேரியகூவில் ஆறு கிடையாது, ஓடை கிடையாது. கூரையில் விழுகிற மழை, விளிம்பில் மாட்டிய தகரப் பீலி வழியாக வீட்டுத் தொட்டிக்குள் இறங்க வேண்டும். அதுதான் குடிக்க, குளிக்க, துவைக்க. கூரை போன வீட்டுக்குத் தண்ணீரும் போனது என்று அர்த்தம். அடுத்த வருடக் கோடையில் தொட்டிகளின் அடியில் தவளைகூட இல்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரைத் துவரைச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தோம்.

ஒருவழியாகத் தகரம் கப்பலில் வந்தது. தச்சன்தான் இல்லை. இருந்தவன் ஒருவன், கார்னெட் பேட்ரிஸ். கைமரத்தை இரும்புப் பட்டை போட்டு எப்படிக் கட்டினால் அடுத்த பெரிலுக்குப் பறக்காது என்று தெரிந்தவன் எங்கள் பக்கத்தில் அவன்தான். அவனிடம் ஒரு கெட்ட புத்தி உண்டு. யாருடைய வேலையையும் விடமாட்டான், யாருடையதையும் முடிக்கமாட்டான். ஒரு வீட்டில் பாதித் தகரம் அடிப்பான், அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். பாதி அடித்துவிட்டால் அந்த வீட்டுக்காரர் வேறு ஆளிடம் போக முடியாது பாருங்கள். எங்கள் தெரு முழுக்கப் பாதி தலை வாரிய பிள்ளைகள் மாதிரி வீடுகள் நின்றன. அண்ணி வீடு பாதி. என் வீடு பாதி. அடுத்த வளைவில் ஷனெல் வீடு பாதி. அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது, புருஷன் பெக்கியா தீவில் படகு வேலையில் இருந்தான்.

ஜூன் இரண்டாவது வாரம் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அந்த அலை இறங்கியது. அண்ணி சுவரின் வலது ஓரத்தில் மூடியை அடித்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"கார்னெட் கிளம்பிட்டான்!" என்றாள்.

"நெஜமாவா? எங்க இருக்கான்? என் வீட்டுக்கு வரச் சொல்லுங்க" என்றேன் நான், வேண்டுமென்றே.

"கேப் வெர்டேக்குக் கீழ. ஒரு உருவமும் இல்ல, கட்டுக்கோப்பும் இல்ல. அங்கங்க கொஞ்சம் இடி. முன்னேற இருபது பெர்சன்ட்தான் வாய்ப்பு."

டன்ஸ்டன் குடித்துக்கொண்டிருந்த பீர் மூக்கு வழியாக வந்தது.

அதற்கப்புறம் தினமும் இதே கூத்து. "கார்னெட் மெதுவா நகர்றான், இன்னைக்கும் சோம்பல்தான்." "கார்னெட்டோட தலை ஒரு பக்கம் போகுது, உடம்பு ஒரு பக்கம் போகுது." ஹில்ஸ்பரோ போகிற வண்டியில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை. நிஜக் கார்னெட் அப்போது பக்கத்து ஊரான ஹார்வி வேலில் யாருடைய கூரையிலோ உட்கார்ந்திருந்தான். அவன் காதுக்கு எட்டாமல் இருக்குமா?

சிரித்தோமே தவிர, எல்லாருக்கும் அந்த அலை வேண்டியும் இருந்தது. அதுதான் எங்கள் பாடு. அலை வந்தால் மழை வரும், தொட்டி நிரம்பும். ஆனால் வருகிற வழியில் அது புயலாகிவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை பாதிரியார், "கர்த்தாவே, தண்ணியோட அனுப்பும், காத்த அங்கயே வச்சுக்கும்" என்று ஜெபித்தார். கடைக்காரனிடம் இஞ்சி வேண்டும் பூண்டு வேண்டாம் என்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் ஊரே ஆமென் என்றது, நான் எல்லாரையும்விடச் சத்தமாக.

மூடி பாதிக் கடலைத் தாண்டியபோது சிரிப்பு குறைந்தது. மயாமிப் படத்தில் மஞ்சளாக இருந்த வட்டம் இன்னும் மஞ்சள்தான், ஆனால் புயலாகிற வாய்ப்பு இருபதிலிருந்து முப்பது பெர்சன்ட் ஆகிவிட்டது. தூசி இந்த முறை அதைத் தின்னவில்லை. எல்லாரும் தங்கள் பாதிக் கூரையை அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார்கள். பிறகு கார்னெட்டைத் தேடத் தொடங்கினார்கள்.

கார்னெட் யார் வீட்டுக்கும் போகவில்லை. ஒருநாள் மதியம் நேராக அண்ணி வீட்டுக்கு வந்து நின்றான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வேலியைப் பெரில் கொண்டுபோய்விட்டதால் அவர்கள் பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்காமல் இருக்க நானும் பெரிதாக முயற்சி செய்யவில்லை.

"அக்கா, என் பேர எடுத்துடுங்க. போற எடமெல்லாம் சிரிக்கிறாங்க. என் மாமியாரே போன் பண்ணி, இன்னும் கட்டுக்கோப்பு வரலையான்னு கேக்குறா."

"கூரைய முடி, எடுத்துடறேன்."

"முடிக்கிறேன். இப்பவே ஏறுறேன். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள முடிச்சுடலாம். ஆனா ஒரு உதவி செய்யணும். சாயங்கால அறிக்கைல இது சும்மா மழை மேகம்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. இல்லேன்னா இந்தத் தெருவே வந்து என் ஏணியப் புடிச்சு இழுக்கும். உங்க வேலை முடியாது."

அண்ணி ஏணியைக் காட்டினாள். "ஏறு" என்று மட்டும் சொன்னாள். சுத்தியல் சத்தம் கேட்டது. நான் மாவு பிசைந்த கையோடு நின்றேன். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என் கூரையும் பாதிதானே? இவள் ஒரு வார்த்தை சொன்னால் நான் இன்றிரவு நிம்மதியாகத் தூங்கி, நாளை மறுநாள் தலைக்குமேல் ஒன்றுமில்லாமல் எழுந்திருப்பேன். போய்க் கேட்டுவிடலாமா என்று இருந்தது. ஆனால் ஒட்டுக்கேட்டவள் எந்த முகத்தோடு கேட்பது?

சாயங்காலம் கடை வாசலில் கூட்டம் நின்றது. வழக்கமாக வருகிறவர்கள் மட்டுமில்லை, ஷனெல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மேலே கார்னெட் ஒவ்வோர் ஆணியாக அடித்துக்கொண்டிருந்தான். அண்ணி கைபேசியை முகத்துக்கு ஒட்டப் பிடித்துப் படித்தாள். திரும்பப் படித்தாள். சுவரிலிருந்த மூடியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு மேலே, பாதிக் கூரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"யூலின், சொல்லித் தொலை. கார்னெட் எப்படி இருக்கான்?" என்றான் டன்ஸ்டன்.

"நாப்பது" என்றாள் அண்ணி. "மஞ்சள் போய் ஆரஞ்சு ஆயிடுச்சு. நம்மள நோக்கித்தான் வருது. நாளை மறுநாள் இங்க இருக்கும். பெருசாகலாம், ஆகாமலும் போகலாம். அவங்களுக்கே தெரியல, எனக்கும் தெரியாது."

மேலே சுத்தியல் நின்றது.

"கார்னெட்! எறங்கு."

"அக்கா, இந்த ஒரு வரிசைய மட்டும் முடிச்சுட்டு..."

"எறங்குன்னா எறங்கு. ஷனெல் வீட்டுக்குப் போ. பச்சப் புள்ள இருக்கிற வீடு. அத முடிச்சுட்டு வெர்னா வீடு. அதுக்கப்புறம் நேரம் இருந்தா வா."

"அத்தை, உங்களுக்கு?" என்றாள் ஷனெல்.

"எனக்கென்ன, தார்ப்பாய் இருக்கு. ஒரு வருஷம் குடும்பம் நடத்தியாச்சு அதோட."

சொன்ன குரலில் சிரிப்பு இருந்தது. ஆனால் மூடியைப் புது இடத்தில் அடிக்கும்போது ஆணியை விட்டுவிட்டு விரலில் அடித்துக்கொண்டாள்.  என் பெயரை அவள் சொன்னாளே என்று எனக்குச் சந்தோஷம், சந்தோஷப்படுகிறேனே என்று வெட்கம், இத்தனை நேரம் கோபப்பட்டுக்கொண்டிருந்தோமே என்று இன்னொரு வெட்கம். எதைச் சொல்வதென்று தெரியாமல், "விரல உப்புத் தண்ணில வைங்க அண்ணி" என்றேன்.

"தண்ணி எங்கடி இருக்கு?" என்றாள்.

அடுத்த நாள் லெஸ்டேரில் மீன்பிடிக்க யாரும் போகவில்லை. படகுகளைச் சதுப்புக் காட்டுக்குள் இழுத்துக் கட்டிவிட்டு எல்லாரும் சுத்தியலோடு வந்தார்கள். கார்னெட் கைமரத்தில் ஏறிப் பட்டை போடுகிற இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துக் கொடுத்தான். மற்றவர்கள் அடித்தார்கள். நான் சோளக்களியும் சங்கு மீன் குழம்பும் பெரிய சட்டியில் வைத்தேன், அண்ணி ரம் கொண்டுவந்தாள். ஷனெல் வீடு முடிந்தது. என் வீட்டைத் தொட்டார்கள். டன்ஸ்டன் என் கூரையில் அடித்த ஆணிகளில் பாதி கோணல், அதைச் சொன்னதற்கு, "கோணலா இருந்தா நல்லா கவ்விப் புடிக்கும்" என்று எனக்கே பாடம் சொன்னான். மறுநாள் முற்பகலில் என் வீட்டின் கடைசித் தகரம் மேலே ஏறியபோது கிழக்கே வானம் கறுத்துவிட்டது. அண்ணியின் கூரையில் கார்னெட் இன்னும் கொஞ்சம் அடித்தான். ஏணி ஆட ஆரம்பித்தது. அவள்தான் கத்தி இறங்கச் சொன்னாள்.

மிச்சப் பகுதிக்குமேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். அவரவர் வீட்டுக்குப் போய்ச் சன்னல்களில் பலகை அடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். புதுக் கூரைக்குக் கீழே கைகளைக் கோத்துக்கொண்டு நான் காற்றுக்காகக் காத்திருந்தேன். பெரிலின் ஊளை எனக்கு இன்னும் காதிலிருந்து போகவில்லை.

காற்று வரவில்லை. மழை வந்தது.

அப்படி ஒரு மழை! காற்றின் கை கால் எதுவும் இல்லாத, நேராக, கொழுத்த, தாராளமான மழை. தகரத்தில் அது விழுந்த சத்தத்தைக் கேட்டு எனக்கு அழுகையே வந்தது. ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று அந்தச் சத்தம் கேட்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பிறகு இன்னொரு சத்தமும் கேட்டது. கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் மண்ணில் கொட்டுகிற சத்தம்.

பீலி!

கதவைத் திறந்து பார்த்தேன். விளிம்பு நெடுகப் பளிங்கு மாதிரித் தண்ணீர் கொட்டி முற்றத்தில் ஓடி, சாலையில் இறங்கிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. புதுப் பீலிகள் முற்றத்து ஓரத்தில் கட்டுக் கட்டாக அப்படியே கிடந்தன. பறக்காமலிருக்க வேண்டும், பறக்காமலிருக்க வேண்டும் என்றே இரண்டு நாள் ஆணி அடித்தவர்களில் ஒரு நாய்க்குக்கூடப் பீலி ஞாபகம் வரவில்லை. கேரியகூவில் பிறந்தவர்கள் நாங்கள். அவ்வளவு பயமுறுத்திவிட்டுப் போயிருக்கிறாள் அந்தப் பெரில். இந்தக் கதை பக்கத்துப் பெரிய தீவான கிரெனடாவில் தெரிந்தால் எங்களை ஊருக்குள் விடமாட்டார்கள், அவர்களுக்கென்ன, ஆறு ஓடுகிறது.

தெரு முழுக்கக் கதவுகள் திறந்தன. "பீலி! பீலி!" என்று ஒரே கூச்சல். குண்டா, சட்டி, தொட்டில், கதவுப் பலகை, எது கிடைத்ததோ அதோடு எல்லாரும் வெளியே நின்றார்கள். கார்னெட்டின் பெயரை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு ராகத்தில் கூப்பிட்டார்கள். அவன் சாலை நடுவில் நின்று எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் சுற்றினான்.

நான் ஒரு பீலியைத் தூக்கினேன். ஒரு முனையைக் கூரைக்கடியில் பிடித்தால் மறுமுனை தொட்டி வாயை விட்டு நழுவியது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன். வேலி இல்லாத அந்தப் பக்கம் அண்ணி தெரிந்தாள். வயிறு தள்ளித் தொங்கிய தார்ப்பாயைத் துடைப்பக் கட்டையால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, மாவு மூட்டைகளின்மேல் தண்ணீர் இறங்காமல் ஒற்றை ஆளாக நின்றுகொண்டிருந்தாள். அவள் வீட்டின் தகரம் போட்ட பாதியிலிருந்தும் தண்ணீர் வீணாகக் கொட்டியது.

பீலியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினேன்.

"மூட்டைய நகர்த்திட்டு வாங்க அண்ணி! அந்தப் பீப்பாய்மேல ஏறுங்க!"

"உன் தொட்டிடி?"

"அது கெடக்கட்டும். ஏறுங்கன்னா!"

ஏறினாள். அவள் பீப்பாய்மேல், நான் கல்மேல். பீலியின் ஒரு முனை அவள் தோளில், மறுமுனை என் கையில், தொட்டி வாய்க்கு நேராக. முதலில் இலையும் தூசியும் ஓடியது. பிறகு தெளிந்த தண்ணீர். வெறும் தொட்டியில் அது விழுந்த சத்தம் கோயில் மணி மாதிரி இருந்தது.

"வெர்னா! உன் கூரைத் தண்ணி ரோட்டுல போகுது!" என்று டன்ஸ்டன் கத்தினான்.

"அப்ப நீ போய்ப் புடி!"

அவனும் சளைத்தவன் இல்லை. பழுதுபார்க்கக் கரையில் வைத்திருந்த தன் சின்னப் படகை இழுத்துவந்து என் விளிம்புக்கு அடியில் போட்டுவிட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படகுக்குள்ளே தண்ணீர் நிரம்பியதற்காகச் சந்தோஷப்பட்டேன்.

நனைந்து நடுங்கிக்கொண்டே அண்ணியிடம் கேட்டேன். "அன்னைக்கு அவன் சொன்னபடி சொல்லியிருந்தா இப்ப முழுக்கூரை இருந்திருக்கும்ல?"

"ஒட்டுக்கேட்டியா?"

"வேலி இல்ல, என்ன பண்றது?"

 மழை அவள் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. "சொல்லிடலாம்னுதான்டி இருந்தேன். வாய் வரைக்கும் வந்துடுச்சு. மூடி கையில இருந்துச்சு பாரு. பொய் சொன்னா அத எங்க அடிக்கிறது? ஒரு தடவ தப்பான எடத்துல அடிச்சுட்டா, அப்புறம் எது எங்க இருக்குன்னு எனக்கே தெரியாமப் போயிடும்."

"இரண்டு மணி அறிக்கை என்ன யூலின்?" என்று சாலையிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"யாருக்குத் தெரியும்! கைய எடுத்தா தண்ணி கொட்டும்!" என்று அவள் கத்தினாள். அவள் ஓர் அறிக்கையைத் தவறவிட்டு நான் பார்த்தது அன்றுதான். கார்னெட் கடைசியில் எங்களிடம் ஓடிவந்து சுத்தியலை எடுத்தான். "ஆணி அப்புறம் அடிக்கலாம், வந்து நடுவுல தாங்கு" என்றாள். அவனும் தோள் கொடுத்தான். தொட்டி நிரம்பி வழியும்வரை மூன்று பேரும் அப்படியே நின்றோம்.

அந்த அலை எங்களைத் தாண்டி மேற்கே போய், மெலிந்து, பெயர் வாங்காமலே கரைந்தது. அதைப் பற்றி அப்போது யாருக்கும் அக்கறை இல்லை. விடிந்ததும் யாரும் கூப்பிடாமலே எல்லாரும் அண்ணி வீட்டு வாசலில் இருந்தார்கள். யாரும் இன்னும் தங்கள் பீலியை மாட்டியிருக்கவில்லை. ஷனெல்கூடக் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு ஆணி எடுத்துக் கொடுத்தாள். கார்னெட் மேலே ஏறி, தன் வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு கூரையை முடிக்கும்வரை இறங்கவில்லை. கீழே இருந்து அண்ணி ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தாள். இது கோணல், அது இளக்கம், டன்ஸ்டனைச் சுத்தியல் தொடவிடாதே என்று. கடைசித் தகரத்தை அவர்கள் இழுத்து வைத்தபோது மட்டும் வாயை மூடினாள்.

ஆணி அடிக்கிற சத்தம் நின்றது. அவள் உள்ளே போனாள். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. ஒரு வருடமாக அந்த வீட்டுக்குள் எப்போதும் தார்ப்பாயின் நீல வெளிச்சம்தான். பாத்திரமும் நீலம், படுக்கையும் நீலம், அவள் முகமும் நீலம். என்ன ஆயிற்றோ என்று குழந்தையோடு வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். அவள் கடை நடுவில், இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தடவிக்கொண்டு நின்றாள்.

"வெர்னா" என்றாள். குரல் உடைந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். "உள்ள இருட்டா இருக்குடி. பட்டப்பகல்ல வெளக்கு போடணும் போலிருக்கு!"